மோட்டாருக்குத் தடையுள்ள நீரில் சக்கர நாற்காலி: பவுண்டரி வாட்டர்ஸ் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டி, ஏறக்குறைய 11 லட்சம் ஏக்கரில் விரிந்து கிடக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ் கேனோ வனாந்தரம். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள், அவற்றை இணைக்கும் சிற்றாறுகள், நீர் இணைப்பு இல்லாத இடங்களில் படகைத் தோளில் சுமந்து கடக்கும் காட்டுப் பாதைகள். அந்தப் பாதைகளைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். நீளத்தை ராட் கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு ராட் 16.5 அடி, கிட்டத்தட்ட ஒரு கேனோவின், அதாவது துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகின், நீளம். சுப்பீரியர் தேசிய வனத்தின் பகுதியாக அமெரிக்க வனத்துறை இதை நிர்வகிக்கிறது.

மோட்டாரும் சக்கரமும் தடைசெய்யப்பட்ட நீரில் கால் இயங்காத ஒருவர் எப்படிப் போவது என்ற கேள்வி இங்கே அரை நூற்றாண்டாக விவாதிக்கப்படுகிறது. நாடாளுமன்றம், நீதிமன்றம், வனத்துறை அலுவலகம் என்று எல்லா இடத்திலும் அலசப்பட்ட கேள்வி. அந்தச் சண்டைகள் பெரும்பாலும் மோட்டாரைச் சுற்றியே நடந்தன. பயணம் உண்மையில் சிக்கிக்கொள்வதோ கரைக்கும் படகு இருக்கைக்கும் நடுவிலுள்ள ஒரு மீட்டரில். அதனால் இந்த ஆய்வு சட்டத்துக்கு எவ்வளவு இடம் தருகிறதோ அதைவிட அதிகமாக அந்த ஒரு மீட்டருக்குத் தருகிறது.

தடை எப்படி வந்தது

1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் மோட்டார் படகு, மோட்டார் கருவி, இயந்திரப் போக்குவரத்து மூன்றையும் வனாந்தரப் பகுதிகளில் தடுத்தது. ஆனால் பவுண்டரி வாட்டர்ஸுக்கு மட்டும் அதில் தனி விலக்கு இருந்தது, மோட்டார்கள் தொடர்ந்து ஓடின. 1978 அக்டோபர் 21 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட தனிச்சட்டம்தான் இன்றைய ஒழுங்கை வகுத்தது. எந்த ஏரியில் எத்தனை குதிரைத்திறன் என்று அது பெயர் பெயராகச் சொல்கிறது. மூஸ், நியூஃபவுண்ட், சக்கர், ஸ்னோபேங்க், ஃபால், டிரவுட் ஆகிய ஏரிகளிலும் பாஸ்வுட், சாகனாகா ஏரிகளின் சில பகுதிகளிலும் 25 குதிரைத்திறன் வரை. கிளியர்வாட்டர், சீகல் ஏரியின் ஒரு பகுதி போன்றவற்றில் 10 வரை. மற்ற ஏரிகள் முழுக்கத் துடுப்புக்கே. மோட்டார் போகக்கூடிய நீர்ப்பரப்பு மொத்தத்தில் கால் பங்கை எட்டாது.

துடுப்புக்கு மட்டும் என்றுள்ள ஏரியில் மோட்டாரை ஓட்டக்கூடாது என்பதோடு விதி நிற்கவில்லை. அணைத்து, படகின் அடியில் போட்டு வைத்திருப்பதும் குற்றம்தான். பேட்டரியில் ஓடும் சிறிய மின்மோட்டாரும் இதே கணக்கில் வரும். சத்தமில்லை, புகையில்லை என்ற வாதம் எடுபடாது. பாய்மரமும் கூடாது. படகை வைத்துத் தள்ளும் இருசக்கர வண்டி, பெயர் குறிப்பிட்ட ஒரு சில போர்ட்டேஜ்களில் மட்டுமே அனுமதி. ஒரு குழுவில் 9 பேர், 4 படகு. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து நிற்க முடியாது.

யார் பெயரால் வாதம்

1978 சட்டம் விவாதத்தில் இருந்தபோது எதிர்த்தவர்கள் முன்வைத்த வாதங்களில் ஒன்று, மோட்டாரைத் தடுத்தால் மாற்றுத்திறனாளிகள் இந்த ஏரிகளைப் பார்க்கவே முடியாது என்பது. அதைச் சோதித்துப் பார்க்க 1977இல் கிரெக் லைஸ், பால் ஷூர்க்கி என்ற இரு இளைஞர்கள், சக்கர நாற்காலி பயன்படுத்தும் இருவரையும் காது கேளாத இருவரையும் சேர்த்துக்கொண்டு துடுப்புப் படகில் உள்ளே போனார்கள். அந்தப் பயணத்திலிருந்துதான் மறு ஆண்டு வில்டர்னஸ் இன்குவைரி என்ற அமைப்பு பிறந்தது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒரே குழுவாகப் போகும் பயணங்களை அது தொடர்ந்து நடத்திவருகிறது.

அதே வாதம் மறுபடி தலைதூக்கியது லாரிகளை முன்னிட்டு. மூன்று போர்ட்டேஜ்களில், அதாவது சக்கர் ஏரியிலிருந்து பாஸ்வுட்டுக்குப் போகும் பிரெய்ரி, வெர்மிலியனிலிருந்து டிரவுட் ஏரிக்குப் போவது, ஃபால் ஏரியிலிருந்து பாஸ்வுட்டுக்குப் போகும் நான்கு மைல் போர்ட்டேஜ் ஆகியவற்றில், மோட்டார் படகுகளை லாரியில் ஏற்றி மறு ஏரியில் இறக்கிவிடும் தொழில் நடந்துவந்தது. மோட்டார் இல்லாமல் படகைக் கொண்டுபோக சாத்தியமான வழி இருந்தால் இது நிறுத்தப்பட வேண்டும் என்பது 1978 சட்டத்தின் நிபந்தனை. 'சாத்தியம்' என்றால் செய்ய முடிவது என்றே பொருள், சிரமமில்லாமல் செய்வது என்று பொருளில்லை என 1992இல் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. லாரிகள் நின்றன. முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் முன்னிறுத்திப் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 1998 ஜூனில் நிறைவேறிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவாகச் சேர்த்து, பிரெய்ரியிலும் டிரவுட்டிலும் லாரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான்கு மைல் பாதைக்கு லாரி திரும்பவில்லை. அங்கே இன்று கையால் தள்ளும் வண்டி போகலாம்.

லாரி கடத்துவது படகை. சக்கர நாற்காலியில் வருபவர் ஒரு கரையில் படகிலிருந்து இறங்கி, லாரியின் இருக்கையில் ஏறி, இறங்கி, மறு கரையில் மீண்டும் படகில் ஏற வேண்டும். ஒரு போர்ட்டேஜுக்கு நான்கு முறை உடலைத் தூக்கி மாற்ற வேண்டியிருக்கிறது. நடக்க முடிந்த, ஆனால் இதய நோயோ மூட்டுவலியோ உள்ள முதியவருக்கு லாரி பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. கால் செயலிழந்தவருக்கு அது பாதி வேலையைக்கூடச் செய்வதில்லை. விவாதத்தில் இவ்விருவரையும் ஒரே ஆளாக வைத்துப் பேசியது பெரிய குழப்பம்.

சட்டம் சக்கர நாற்காலியை எப்படிப் பார்க்கிறது

வனாந்தரத்தில் சக்கர நாற்காலிக்கும் தடை என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதைத் தெளிவாகவே தீர்த்துவிட்டது. இயலாமையால் சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர் அதை வனாந்தரப் பகுதியில் பயன்படுத்துவதை வனாந்தரச் சட்டம் தடுப்பதாகக் கொள்ளக்கூடாது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: அந்தப் பயன்பாட்டுக்காக எந்தத் துறையும் வசதி கட்டித் தரவோ நிலத்தை மாற்றியமைக்கவோ தேவையில்லை. நாற்காலி உள்ளே வரலாம், பாதை அப்படியேதான் இருக்கும்.

நாற்காலிக்கு அந்தச் சட்டம் தரும் வரையறையில் இரண்டு நிபந்தனைகள். நடமாட்டக் குறைபாடு உள்ளவரின் நகர்வுக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கட்டடத்துக்குள் ஆட்கள் நடக்கும் இடத்தில் பயன்படுத்தத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் நிறைவேற்றினால் பேட்டரி நாற்காலியும் செல்லும். டாங்கி போல் பட்டைச் சங்கிலியில் ஓடும் பெரிய காட்டு நாற்காலி இரண்டாவதில் அடிபட்டுப்போகும்.

படகுக்கு வரும்போது வேறொரு வரையறை. வனத்துறைக் கையேட்டின்படி, நகரும் பாகங்கள் கொண்டு பயனருக்கு இயந்திர அனுகூலம் தரும் எந்தச் சாதனமும் இயந்திரப் போக்குவரத்துதான். அதை இயக்குவது மனித உடலாக இருந்தாலும் அப்படித்தான். பாய்மரப் படகு, மிதிவண்டி, தள்ளுவண்டி எல்லாம் பெயர் சொல்லி இதில் அடங்குகின்றன. கேனோ, ராஃப்ட் எனும் தெப்பம் போல நகரும் பாகம் இல்லாதவை அடங்குவதில்லை. மருத்துவத் தேவைக்கான சக்கர நாற்காலிக்கும் விலக்கு உண்டு. கால் மிதியில் ஓடும் கயாக் என்ற சிறு படகையும் கைச்சுழற்றியால் இயங்கும் படகையும் வாங்கி வைத்துக்கொண்டு, மோட்டார் இல்லையே என்று நம்பி வருபவர் தடுமாறுவது இந்த வரியில்தான். மற்ற ஏரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நல்ல தீர்வாக இருக்கும் சாதனங்கள் இவை. இங்கே அவற்றைத் திட்டத்தின் அடித்தளமாக வைக்கக்கூடாது.

இந்தக் கெடுபிடி மாற்றுத்திறனாளிகளை எவ்வளவு பாதிக்கிறது என்று ஆராய 1990 சட்டமே உத்தரவிட்டது. தேசிய மாற்றுத்திறனாளிகள் மன்றம் 1992இல் அறிக்கை தந்தது. கருத்துக் கேட்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளில் நால்வரில் மூவர், இயந்திரத் தடை தங்கள் வனாந்தர அனுபவத்தைக் குறைக்கவில்லை என்றார்கள். அவர்கள் ஏற்கெனவே உள்ளே போய் வந்தவர்கள் என்பதை நினைவில் வைத்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். போக முடியாமல் நின்றுவிட்டவரின் குரல் அதில் இல்லை.

அந்த ஒரு மீட்டர்

கூட்டாட்சி நிலத்தில் கட்டப்படும் படகுத்துறைகளுக்கு அணுகல் தரநிலைகள் உண்டு. வனாந்தர எல்லைக்கு வெளியே உள்ள படகுத்துறைகளை இவைதான் ஆள்கின்றன. துறைமேடையில் 60 அங்குல அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் சக்கரம் நழுவாமலிருக்க வைக்கும் விளிம்புக்கட்டை 4 அங்குல உயரத்தைத் தாண்டக்கூடாது. மேடை ஓரத்தின் ஒவ்வொரு 10 அடியிலும் 60 அங்குலத் திறப்பு ஒன்று வேண்டும். மேடைக்கு இறங்கும் பாலத்தின் சரிவு 12க்கு 1. எல்லாம் சரிதான். ஆனால் தரநிலை மேடையின் ஓரத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து படகுக்குள் எப்படி இறங்குவது என்பதைப் பற்றி அதில் பேச்சில்லை.

கணக்குப் போட்டால் சிக்கல் தெரியும். சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 48 செ.மீ. துறைமேடை நீர்மட்டத்துக்கு மேல் 35 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேனோவின் அடித்தளம் நீருக்குக் கீழே சுமார் 10 செ.மீ. ஆக நாற்காலியிலிருந்து படகின் அடித்தளம் வரை 93 செ.மீ. இறக்கம். கேனோவின் இருக்கை அடித்தளத்துக்கு மேல் 25 செ.மீ. என்றாலும் 68 செ.மீ. இறக்கம், ஏறக்குறைய சாப்பாட்டு மேசை உயரம். அதுவும் தள்ளாடும் ஒன்றுக்குள்.

மேடையிலிருந்து இறங்கும் முறை இரண்டு கட்டம். முதலில் நாற்காலியிலிருந்து 25 செ.மீ. உயர முக்காலிக்கும், அங்கிருந்து மேடையில் விரித்த மெத்தைக்கும். உட்கார்ந்தபடியே ஓரத்துக்கு நகர்ந்து, முதலில் கால்களைப் படகுக்குள் வைத்து, பிறகு இடுப்பு. படகை மேடைக்கு இணையாக இரு முனையிலும் கட்டியிருக்க வேண்டும். கட்டு இறுக்கமாக, ஒரு கை அகல இடைவெளியும் விடாமல். தளர்வாகக் கட்டினால் கால் உள்ளே, இடுப்பு மேடையில் என்ற நிலையில் படகு விலகும். பெரும்பாலான விழுதல்கள் இப்படித்தான்.

வனாந்தரத்துக்குள் துறைமேடை கிடையாது. அங்கே வேலை செய்வது நீருக்குள் இறங்கி மாற்றும் முறை. சரக்கேற்றிய கேனோவின் விளிம்பு, நடுப்பகுதியில் நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 25 செ.மீ. இருக்கும். ஆகவே 25 செ.மீ. ஆழத்தில் நாற்காலியை உருட்டி நிறுத்தினால், அதன் இருக்கையும் படகின் விளிம்பும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. வழுக்குப் பலகையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியிலும் மறு முனையைப் படகு இருக்கையிலும் வைத்துச் சறுக்கலாம். மூன்று பேர் வேண்டும். ஒருவர் படகின் மறுபக்கம் நின்று தன் எடையை அந்த விளிம்பின் மேல் போட வேண்டும். இவர் இல்லாவிட்டால் பலகையில் எடை ஏறியதும் படகு ஏறுபவர் பக்கமே கவிழும். இரண்டாமவர் முன்னால் நின்று முழங்கால்களை வழிநடத்துவார். மூன்றாமவர் பின்னால், அக்குளுக்குக் கீழே கைகொடுத்து. எண்ணிச் சொல்வது யார் என்பது முன்பே முடிவாக வேண்டும், அது ஏறுபவராகவே இருப்பது நல்லது. எந்த நொடியில் தன் உடல் தயார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அடிநிலம் பெரும் பிரச்சினை. மணலில் நாற்காலியின் முன்சக்கரங்கள் புதையும், அடியில் ஒரு பிளைவுட் துண்டைப் போட வேண்டும். கிரானைட் பாறைச் சரிவில் நீர்மட்டத்துக்குக் கீழே வழவழப்பான பாசி படர்ந்திருக்கும். அங்கே தூக்கும் உதவியாளர்தான் முதலில் விழுவார். சரளைக் கரை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்காக அரை மணி கூடுதலாகத் துடுப்பு வலிக்க நேர்ந்தாலும். கெவ்லார் என்ற இலேசான செயற்கை இழையில் செய்த கேனோ 18 முதல் 20 கிலோ இருக்கும், சுமக்க எளிது. ஆனால் பாறையில் உட்காரவைத்து ஆளை ஏற்றினால் அடி விரிசல் விடும். அலுமினியப் படகு 34 கிலோ, அடியைத் தாங்கும், வெயிலில் சுடும். தோலில் உணர்ச்சி இல்லாதவர் சுட்ட அலுமினியத்தில் கையோ தொடையோ பட உட்கார்ந்தால் அவருக்குத் தெரியாமலே கொப்புளம் எழும்.

ஏறுவதை எல்லோரும் ஒத்திகை பார்க்கிறார்கள். இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. ஏறும்போது ஈர்ப்பு விசை உதவுகிறது, ஆட்களும் காலையில் புத்துணர்வோடு இருக்கிறார்கள். மாலையில் நனைந்த உடை, களைத்த தோள், மேல்நோக்கித் தூக்குதல். ஒத்திகையை மாலையில், நாள் முழுக்கத் துடுப்பு போட்ட பிறகு, இறங்குவதிலிருந்து தொடங்க வேண்டும்.

படகுக்குள்

தண்டுவடக் காயம் உள்ளவருக்குக் கேனோவின் சாதாரண இருக்கை பொருந்தாது. முதுகுக்குத் தாங்கல் இல்லை, உயரமும் அதிகம். இருக்கையை அகற்றி, 5 முதல் 8 செ.மீ. தடிமனுள்ள நீர் உறிஞ்சாத மூடிய செல் ஃபோம் மீது தினசரி நாற்காலியின் மெத்தையையே வைத்து, தோள்பட்டை எலும்புக்குச் சற்றுக் கீழ்வரை வரும் முதுகுத் தாங்கியைக் குறுக்குச் சட்டத்தில் கட்டுவது நம்பகமான முறை. இரு பக்கமும் உருட்டிய ஃபோம். முழங்காலுக்குக் கீழும் ஒன்று, இல்லாவிட்டால் கால்கள் சரிந்து படகின் பக்கவாட்டில் மணிக்கணக்கில் உராயும். காலணி எந்நேரமும் காலில் இருக்க வேண்டும். காற்று மெத்தை என்றால் காலைக் குளிரில் காற்றழுத்தம் குறைந்து உட்கார்ந்த எலும்பு அடித்தளத்தைத் தொடும். மெத்தைக்கு அடியில் கையை விட்டு, எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே விரல் தடிமன் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறையாவது எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்ற வேண்டும், இரவில் கூடாரத்தில் தோலைப் பரிசோதிக்க வேண்டும். அழுத்தினாலும் வெளிறாத சிவப்புத் தெரிந்தால் மறுநாள் அந்த ஆள் படகில் உட்காரக்கூடாது. இங்கே சமரசம் இல்லை. அழுத்தப்புண் ஆற மாதங்கள் ஆகும்.

உடலைப் படகோடு பட்டையால் கட்டலாமா? கூடாது. கவிழ்ந்த படகில் மாட்டிக்கொள்வது சரிந்து உட்காருவதைவிடப் பல மடங்கு ஆபத்து. தாங்கல்கள் உடலை ஏந்த வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையில் மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது போதாது. தசை இறுக்கம், மெலிந்த கால்கள், எடைப் பரவல் எல்லாம் மிதக்கும் கோணத்தை மாற்றிவிடும். செயலிழந்த கால்கள் மேலே எழும்பி, முகம் கீழே திரும்புவது உண்டு. இடுப்பளவு நீரில், இருவர் பக்கத்தில் நிற்க, முதுகில் படுக்கவைத்து, பிறகு குப்புறத் திருப்பி, முகம் தானாக மேலே வருகிறதா என்று சோதிக்க வேண்டும். மார்புப் பக்கம் மிதவை அதிகமும் கழுத்துப்பட்டையும் உள்ள வகை பெரும்பாலும் நன்றாக நடந்துகொள்ளும். மேலேறாமலிருக்க கவட்டுப் பட்டை வேண்டும்.

கைவிரல் பிடிப்பு இல்லாதவருக்குக் கையுறை வடிவப் பிடிப்பட்டை உண்டு. அதை எடுத்த எடுப்பில் கழற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். உடல் நடுப்பகுதியைத் திருப்ப முடியாதவருக்கு இரட்டை அலகுத் துடுப்பு வசதி. துடுப்பே போட முடியாதவர் நடுவில் பயணியாக உட்கார்ந்து போவது இந்த ஏரிகளில் சர்வ சாதாரணம், அதில் குறைவு ஒன்றுமில்லை. நிலைத்தன்மை போதாவிட்டால் பக்க மிதவைகள் மாட்டலாம், அல்லது இரண்டு கேனோக்களை முக்கால் மீட்டர் இடைவெளியில் இரண்டு கழிகளால் பிணைக்கலாம். அலை வந்தால் நடு இடைவெளியில் நீர் எகிறி உள்ளே கொட்டும் என்பது இதன் குறை. நான்கு படகு வரம்பில் இது இரண்டாகவே எண்ணப்படும்.

மருத்துவத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டி6 மட்டத்திலோ (மார்புப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது) அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவருக்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா வரலாம். உணர்ச்சியற்ற பகுதியில் ஏற்படும் ஒரு தொல்லை ரத்த அழுத்தத்தைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, காயத்துக்கு மேலே வியர்வை, முகச்சிவப்பு. படகில் இதற்கான காரணம் பெரும்பாலும் மெத்தையின் ஓரத்தில் மடிந்துபோன கத்தீட்டர், அதாவது சிறுநீர் வடிக்கும் குழாய், அல்லது நிரம்பிய சிறுநீர்ப்பை. படுக்கவைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, ஜாக்கெட், பெல்ட், காலணி எல்லாவற்றையும் தளர்த்தி, குழாயை நேராக்கி, சிறுநீரை வடிக்க வேண்டும். அடங்காவிட்டால் உடனே மீட்பை அழைக்க வேண்டும். கைபேசிச் சமிக்ஞையை நம்பிப் போகும் இடமில்லை இது. செயற்கைக்கோள் தகவல் கருவி கட்டாயம். கழிவறைச் சிரமத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் இரண்டாம் நாளிலேயே சிறுநீர்த் தொற்றுக்கு வழி செய்துகொள்கிறார்கள். குழுத் தலைவர் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

எந்த ஏரி

போர்ட்டேஜே இல்லாமல் நாள் கணக்கில் தங்கக்கூடிய நீர்ப்பரப்புகள் இங்கே உண்டு. 25ஆம் எண் நுழைவான மூஸ் ஏரியில் இறங்கினால் நியூஃபவுண்ட், சக்கர் வரை படகை விட்டு இறங்காமலே போகலாம். 27ஆம் எண் ஸ்னோபேங்க், 54ஆம் எண் சீகல், 55ஆம் எண் சாகனாகா ஆகியவையும் தனித்தனியே ஒரு வாரப் பயணத்துக்குப் போதுமான பரப்பு. ஒரே இடத்தில் முகாம் போட்டு, பகலில் சுற்றிவிட்டு மாலையில் அதே கரைக்குத் திரும்புவதால் உடல் மாற்றுதல் நாளுக்கு இரண்டோடு நிற்கும். இந்தத் தேர்வுக்கு விலை காற்று. பெரிய திறந்த ஏரிகளில் பிற்பகலில் அலை எழும்பும். திறந்த நீரைக் கடப்பது காலையிலேயே முடிந்திருக்க வேண்டும். இன்னொரு முரண்: போர்ட்டேஜ் இல்லாத ஏரிகள் பலவும் மோட்டார் அனுமதியுள்ளவையே. அமைதி தேடி வருபவர் மோட்டார் ஒலிக்கு நடுவேதான் தங்க நேரும்.

போர்ட்டேஜ் வேண்டும் என்றால் குறுகியதாக, ஏற்றம் குறைவாக ஒன்று. வேர், பாறை, சேறு. முன்சக்கரங்களை நிலத்திலிருந்து தூக்கிவிடும் பெரிய ஒற்றை முன்சக்கர இணைப்பு மட்டமான மண்பாதையில் அருமையாக உதவும், பாறைப் படியில் உதவாது. அங்கே ஆளை இருவர் சுமக்க வேண்டும். பின்னால் ஒருவர், முழங்காலருகே ஒருவர். பாதி வழியில் ஆள் மாற்ற இன்னும் இருவர். பேட்டரி நாற்காலிக்குச் சட்டம் இடம் தந்தாலும், 100 கிலோவுக்கு மேல் கனக்கும் அதைக் கேனோவில் ஏற்ற வழியில்லை, ஏற்றினாலும் மின்னேற்ற இடமில்லை. இலேசான கையியக்க நாற்காலிதான். சக்கரங்களைக் கழற்றிப் படகில் கட்டிவிட வேண்டும். கட்டாமல் போய்க் கவிழ்ந்தால் அதன்பின் பயணம் முழுக்க நாற்காலி இல்லை.

முகாம் இடங்களில் இரும்பு அடுப்புத் தட்டும், காட்டுக்குள் சற்றுத் தள்ளி சுவரில்லாத கழிப்பிடப் பெட்டியும் இருக்கும். இந்த இரண்டும் உள்ள ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டுமே தங்கலாம். பெட்டிக்குப் போகும் தடம் பெரும்பாலும் மேடு. மடக்கும் கழிவறை நாற்காலி ஒன்றை, கைப்பிடி உள்ளதாக, எடுத்துப்போய் அந்தப் பெட்டியின் மேலேயே நிறுத்துவது எளிது. உணவு, பானங்களுக்கு டின்னும் பாட்டிலும் தடை. மருந்துக் கொள்கலன்களுக்கு அந்தத் தடை இல்லை. கத்தீட்டர், திரவ மருந்து பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மோட்டார் உண்மையிலேயே வேண்டியவர்கள்

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதவர், உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடியாதவர், மூச்சுக்கருவிக்கு மின்சாரம் வேண்டியவர். இவர்களிடம் துடுப்புப் படகின் அருமையைப் பேசுவது நியாயமில்லை. 25 குதிரைத்திறன் ஏரிகள்தான் இவர்களின் வழி. அங்கும் 1978 சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி விலக்கு எதையும் வைக்கவில்லை. எல்லோருக்கும் உள்ள பட்டியலே அவர்களுக்கும். அந்த ஏரிகளில் பகல்நேர மோட்டார் அனுமதிக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு, மீன்பிடிப்போரோடு போட்டி போட்டே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். மாற்றம் வேண்டுமென்றால் கேட்க வேண்டிய இடம் இதுதான். துடுப்பு ஏரிகளைத் திறக்கச் சொல்வதைவிட, இருக்கும் மோட்டார் சீட்டுகளில் ஒரு சிறு பங்கை மருத்துவத் தேவையுள்ளவர்களுக்கு ஒதுக்குவது யாருடைய அமைதியையும் குலைக்காது. மூஸ் ஏரித் தொடரிலும் சாகனாகாவிலும் தனியார் இழுவைப் படகுகள் கேனோவையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு போய் விடுகின்றன. முன்பதிவு செய்யும்போது படகு கரையில் எப்படி ஒட்டி நிற்கும், ஏணியா, சமதளமா என்று கேட்டுவிட வேண்டும்.

சீட்டு

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்குவதற்கு ஒவ்வொரு நுழைவுக்கும் எண்ணிக்கை வரம்புண்டு. முன்பதிவு ஜனவரிக் கடைசியில் திறக்கும். கட்டணம் பெரியவருக்கு 16 டாலர். நிரந்தர இயலாமை உள்ள அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வாசிகளும் இலவசமாகப் பெறும் ஆக்சஸ் பாஸ் இருந்தால் 8 டாலர். சீட்டை வாங்க வருபவர் முன்பதிவில் பெயர் உள்ள தலைவராகவோ மாற்றுத் தலைவராகவோதான் இருக்க முடியும். மாற்றுத் தலைவர்களாக மூன்று பெயர் வரை கொடுக்கலாம், தலைவர் பெயரைப் பின்னால் மாற்ற முடியாது. மாற்றுத்திறனாளி ஒருவரே தலைவராக இருந்து, முதல் நாள் காய்ச்சலோ தோல் சிவப்போ வந்து நின்றுவிட்டால், வேறு பெயர் இல்லாத குழு முழுவதும் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். மூன்று இடத்தையும் நிரப்பிவிடுங்கள், அதில் இருவர் தூக்கி மாற்றும் ஒத்திகையில் இருந்தவர்களாக இருக்கட்டும்.